துணையோடு மூழ்கும் வித்தை

கடலடியில் முப்பது மீட்டர் ஆழத்தில் ஒருவருடைய சுவாசக் கருவி திடீரென்று காற்றுத் தர மறுத்துவிட்டால், அவருக்கு மிக அருகில் கிடைக்கக்கூடிய சகாயம் பக்கத்தில் நீந்தும் தோழரிடமுள்ள காற்றுதான். அந்தத் தோழர் எங்கே இருக்கிறார், அவரிடம் எவ்வளவு காற்று மீதமிருக்கிறது, அதை எந்தக் குழாய் வழியாக எடுத்துக் கொடுப்பார் என்பதெல்லாம் அந்தக் க்ஷணம் நேர்வதற்கு முன்பே இருவருக்கும் ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் விடுமுறையில் கடற்கரை ஊருக்குப் போய், படகில் ஏறிய பிறகே முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த இருவரை ஜோடி சேர்த்து நீரில் இறக்கிவிடும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. இருவரிடமும் தேர்ச்சி அட்டை உண்டு. ஒருவர் கற்ற முறைதான் மற்றவர் கற்ற முறையும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களின் உயிர், படகில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவருடைய கவனத்தில் அடங்கியிருந்தது. 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் காஞானும் சேர்ந்து, முதுகில் சுமக்கும் காற்றுக்கலத்திலிருந்து வேண்டியபோது வேண்டிய அளவு மூச்சு வழங்கும் கருவியைச் செய்தளித்தபோது, மனிதன் அந்தக் கயிற்றிலிருந்து விடுதலை பெற்றான். விடுதலையோடு தனிமையும் வந்து சேர்ந்தது. அதன்பின் எழுந்த சங்கங்களும் பயிற்சி நிறுவனங்களும் (பிரிட்டனில் 1953-இல் ஒன்று, பல நாடுகளின் கூட்டாக 1959-இல் ஒன்று, அமெரிக்காவில் 1966-இல் தோன்றி இன்று உலகெங்கும் கிளைத்திருக்கும் ‘பாடி’ என்று) லட்சக்கணக்கானவர்களுக்குக் கடலின் கதவைத் திறந்துவிட்டன என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். முக்குளிப்போருக்கு ஐ.எஸ்.ஓ. 24801, ஆசிரியர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 24802 என்று சர்வதேசத் தர நியமங்களும் இருக்கின்றன. ஆயினும் அவை குறைந்தபட்சம் எது தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுக்கின்றனவேயன்றி, ஒரே சாதனத்தை ஒரே விதமாக அணிந்து ஒரே ஒழுங்கில் நீந்தும் குழுவை உருவாக்குவதைத் தம் நோக்கமாகக் கொள்ளவில்லை.

அந்த நோக்கம் பிறந்த இடம் கடலன்று, குகை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தின் வடபகுதியில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து நிலத்தடியில் ஓடும் நன்னீர்ச் சுரங்கங்கள் பல உள்ளன. மேலே பார்த்தால் நீல ஊற்று, உள்ளே புகுந்தால் கூரை மூடிய இருட்டு. அங்கே நேர்ந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த ஷெக் எக்ஸ்லி என்ற குகை முக்குளிப்பாளர் 1979-இல் வெளியிட்ட சிறு நூலில், வெளிவாசல் வரை தொடர்ந்து செல்லும் வழிகாட்டிக் கயிறு இல்லாமை, காற்றில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பும் வழிக்கென்று ஒதுக்காமை, தகுதிக்கு மிஞ்சிய ஆழத்துக்குச் செல்லுதல் ஆகிய மூன்று காரணங்களே திரும்பத் திரும்ப உயிரைப் பறித்தன என்று நிரூபித்தார். அதே வட்டாரத்தில் வில்லியம் ஹோகார்த் மெய்ன் என்பவர், தேவையற்ற எதையும் உடம்பில் தொங்கவிடாமல், தேவையானது எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும்படி சாதனங்களை அமைத்துக்கொள்ளும் முறையை வளர்த்தார். அங்குள்ள உட்வில் பகுதியின் குகைகளை அளந்து வரைபடமாக்கிய குழு இந்தப் பாடங்களையெல்லாம் ஒன்று சேர்த்தது. அக்குழுவில் ஒருவரான ஜாரட் ஜப்லான்ஸ்கி 1998-இல் ‘குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ்’, சுருக்கமாக ஜி.யூ.ஈ., என்னும் லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, குகையில் பிறந்த ஒழுக்கத்தைச் சாதாரணக் கடல் முக்குளிப்புக்கும் கொண்டுவந்தார்.

இந்த முறையின் தத்துவத்தை ஒரே ஒரு குழாயைக்கொண்டு விளக்கிவிடலாம். பொதுவாகக் கற்பிக்கப்படும் வழக்கில், காற்று தீர்ந்த தோழருக்குக் கொடுப்பதற்கென்று மஞ்சள் நிறத்தில் ஓர் உபரி ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி) விலாப்புறத்தில் செருகியிருக்கும். அது சில வேளை அவிழ்ந்து மணலில் இழுபட்டு வருவதும், அவசர நேரத்தில் கைக்கு அகப்படாமற் போவதும் உண்டு. ஜி.யூ.ஈ. முறையிலோ, தன் வாயிலிருக்கும் ரெகுலேட்டரையே எடுத்துத் தோழருக்குக் கொடுத்துவிட்டு, கழுத்தில் மீள்கயிற்றால் கட்டித் தாடையின்கீழ் தொங்கும் மற்றொன்றைத் தான் வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். தியாகத்தைப் போல் தோன்றும் இச்செயலுக்குள் தெளிவான நியாயம் இருக்கிறது: வாயிலிருப்பது அந்த நிமிடம்வரை நன்றாக இயங்கி வந்தது என்பது பிரத்தியட்சம், பீதியுற்றவரின் கை இயல்பாகத் தாவுவதும் அதை நோக்கித்தான், தாடைக்குக் கீழே உள்ளதைக் கண்ணால் தேடாமலே எடுத்துக்கொள்ளலாம். கொடுக்கப்படும் குழாய் ஏழடி நீளமுள்ளது. குறுகிய வழியில் இருவர் ஒருவர் பின் ஒருவராக நீந்தி வெளியேறுவதற்கு அந்த நீளம் வேண்டியிருக்கிறது. குழுவிலுள்ள அனைவரும் இப்படியே அணிந்திருப்பதால், இருட்டிலும் கலங்கிய நீரிலும் தன் உடம்பில் எது எங்கே இருக்கிறதோ அதுவே தோழரின் உடம்பிலும் அங்கே இருக்கிறது என்ற நிச்சயம் ஒவ்வொருவருக்கும் ஏற்படுகிறது.

காற்றைப்பற்றிய கணக்கும் இதே மனப்பான்மையால் எழுந்ததுதான். ‘காற்றின் அழுத்தமானி 50 பார் காட்டும்போது படகில் இருக்க வேண்டும்’ (பார் என்பது அழுத்த அலகு) என்பது பலருக்கும் சொல்லப்படும் பொது விதி. எந்த ஆழத்திலிருந்து, எத்தனை பேருக்காக என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலவரத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாகக் கொண்டால் இருவருக்கு 40 லிட்டர். 30 மீட்டரிலிருந்து மேலே வரும் வழியின் சராசரி ஆழம் 15 மீட்டர், அங்கே அழுத்தம் நீர்மட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு. ஆபத்தைச் சமாளிக்க ஒரு நிமிடமும், இடையிலே நிற்பதையும் சேர்த்து நிமிடத்துக்கு 3 மீட்டர் வீதம் ஏறப் பத்து நிமிடமும் ஆகப் பதினொரு நிமிடம். மூன்றையும் பெருக்கினால் 1100 லிட்டர் வருகிறது. 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் இது ஏறத்தாழ 92 பார். அதாவது 200 பார் நிரப்பிய காற்றில் பாதிக்குச் சற்றே குறைவானது நம்முடையதன்று, தோழரோடு பத்திரமாக மேலே வருவதற்கென்று ஒதுக்கி வைத்த நிதி. இந்தக் கணக்கை மாணவரே நீரில் இறங்குமுன் போடும்படி செய்யாத ஆசிரியர் மிக முக்கியமான ஒன்றைக் கற்பியாமல் விட்டவராகிறார் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த வழிக்கு வாசலாக இருப்பது ‘ஃபண்டமெண்டல்ஸ்’ என்னும் அடிப்படைப் பயிற்சி. சேர்வதற்கு 275 மீட்டரை நில்லாமல் 14 நிமிடத்துக்குள் நீந்தவும், மூச்சடக்கி நீருக்கடியில் 15 மீட்டர் செல்லவும் தெரிந்திருக்க வேண்டும், புகைபிடிப்பவர்களைச் சேர்ப்பதில்லை. 18 மீட்டருக்கு மேற்படாத ஆழத்திலேயே பாடமெல்லாம் நடக்கிறது. புது மீனையோ மூழ்கிய கப்பலையோ காட்டி மாணவரை மகிழ்விப்பது அதன் இலக்கன்று. படுக்கைவாட்டில் உடம்பை அசையாமல் நிறுத்துவது, அடிமண் கிளம்பாதபடி தவளையைப்போல் காலை உதைப்பது, பின்னோக்கி நீந்துவது, முகக் கண்ணாடியைக் கழற்றி மீண்டும் அணிவது, நீள்குழாயைக் கொடுப்பது முதலியவற்றை, ஆழம் மாறாமலும் தோழரைப் பார்வையிலிருந்து இழக்காமலும் செய்துகாட்ட வேண்டும். நீருக்குள் நடந்ததை வீடியோவில் பதிவுசெய்து மாலையில் திரையில் காட்டுவார்கள்; தாம் நேராக மிதந்ததாக நம்பிக்கொண்டிருந்தவர் தம் கால்கள் தாழ்ந்து மணலைக் கிளறியதைக் கண்ணாலேயே கண்டபின் வாதத்துக்கு இடமிருப்பதில்லை. இறுதியில் சிலர் தேர்கிறார்கள், சிலருக்கு மேலும் அப்பியாசம் செய்து ஆறு மாதத்துக்குள் திரும்பி வரும்படி சொல்லப்படுகிறது, சிலர் தேர்வதில்லை. கட்டணம் செலுத்திவிட்டதனாலேயே தேர்ச்சி கிட்டிவிடாது என்ற இந்த ஒன்றுக்காகவே இம்முறையை மதிக்கலாம்.

பலன்களோ கண்கூடானவை. 2007 டிசம்பரில் ஜப்லான்ஸ்கியும் அவருடைய தோழர் கேஸி மெக்கின்லேயும் புளோரிடாவின் டர்னர் பள்ளத்தில் இறங்கி, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நிலத்தடி வெள்ளத்தைக் கடந்து வகுல்லா ஊற்றில் வெளிவந்தார்கள். வழிநெடுக அவர்களுக்கு வேண்டிய காற்றுக்கலங்களைக் கொண்டுபோய் வைத்து உடனிருந்து உதவிய குழுவினர் இல்லாமல் அது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். சிசிலித் தீவுக்கு அருகே, கி.மு. 241-இல் ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் கடற்போர் நடந்த எகடித் தீவுப்பகுதியில், போர்க்கப்பல்களின் வெண்கல முட்டுமுனைகளைத் தேடிய தொல்லியல் அறிஞர்களுக்கும் ஜி.யூ.ஈ. அமைப்பின் முக்குளிப்பாளர்கள் கைகொடுத்திருக்கிறார்கள். நமக்கு அண்மையிலேயே, மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. அதைக் காண இறங்குபவர் உல்லாச முக்குளிப்பின் எல்லையான 40 மீட்டரைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அதற்கப்பால் சாதாரணக் காற்றிலுள்ள நைட்ரஜன் புத்தியை மயக்குவதால், ஹீலியம் கலந்த வாயுவும், படிப்படியாக நின்று மேலேறும் ஒழுங்கும், ஒரே முறையில் பழகிய தோழர்களும் தேவை.

குறைகளும் உண்டு. ஆரம்ப காலத்தில் இம்முறையை ஆதரித்தவர்களில் சிலர் மற்றவர்களைக் கடுமொழியால் சாடியது, நல்ல சித்தாந்தத்துக்கு வீண் பகையைத் தேடித்தந்தது. இதன் ஆசிரியர்கள் தொகையில் சிலரே, கற்பதற்கு வேறு நாடு செல்ல நேரிடலாம், செலவும் கனமானது. இதே மூலத்திலிருந்து கிளைத்த ‘யூனிஃபைட் டீம் டைவிங்’ போன்ற அமைப்புகளும், பிற நிறுவனங்களின் அட்டையை வழங்கியபோதிலும் இந்த ஒழுக்கத்தையே கைக்கொண்டு கற்பிக்கும் தனி ஆசிரியர்களும் இருப்பதால், பெயர்ப்பலகையைக் காட்டிலும் ஆசிரியரையே தேர்ந்து நாட வேண்டும்.

தேர்ந்து நாடுவதெப்படி? நீரில் ஒரே வேளையில் எத்தனை மாணவர்களை அழைத்துச் செல்வீர்கள் என்று கேளுங்கள். நால்வருக்கு மேல் என்றால் யோசியுங்கள். கற்பிப்பதற்காக அன்றி உங்கள் சொந்த ஆர்வத்துக்காகக் கடைசியாக மூழ்கியது எப்போது, எவரோடு என்று கேளுங்கள். இதுவரை யாரையேனும் தேர்ச்சியில்லை என்று திருப்பியனுப்பியதுண்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம். நேர்மையான ஆசிரியர் அதனால் புண்பட மாட்டார். வீடியோ எடுத்துக் காட்டுவாரா, காற்றுக் கணக்கை உங்களையே போடச்சொல்வாரா என்று விசாரியுங்கள். மாணவர்களை மணலில் முழங்காலிட வைத்துக் கற்பிப்பவரைக் காட்டிலும், தொடக்கத்திலிருந்தே மிதந்தபடி கற்பிப்பவர் மேலானவர். இவற்றுக்கெல்லாம் பின்னும், முழுக் கட்டணத்தையும் செலுத்துவதற்கு முன் அவரோடு ஒரு முறை ஆழமில்லாத நீரில் இறங்கி, அவர் எவ்வாறு மிதக்கிறார், எத்தனை முறை திரும்பி உங்களைப் பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை ஒரு கணமும் மறவாதவராக அவர் இருந்தால், எத்தனை தூரமானாலும் பயணம் செய்து அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.