சிமென்டில் ஜிப்சம் ஏன்?

சிமென்டுக்கு வலிமை தருவது, சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் வெந்து உருவாகும் கிளிங்கர்தான். ஆனால் அதை மட்டும் அரைத்துத் தண்ணீர் ஊற்றினால், அதிலுள்ள அலுமினேட் சில நிமிடங்களிலேயே வினைபுரிந்து கலவையை இறுக்கிவிடும். கொத்தனார் கரணையை எடுப்பதற்குள் பூச்சுக்கு உதவாமல் போய்விடும். அரைக்கும்போது சேர்க்கும் 3 முதல் 5 சதவீத ஜிப்சம்தான் இதைத் தடுக்கிறது. அதன் சல்பேட், அலுமினேட்டுடன் சேர்ந்து துகள்களின்மேல் எட்ரிங்கைட் என்ற நுண்படிகங்களைப் படியவைத்து, அந்த வினையை மணிக்கணக்கில் தாமதப்படுத்துகிறது. இவ்வளவு நன்மை என்றால் தாராளமாகவே சேர்க்கலாமே என்று கேட்கலாம். கூடாது. மிஞ்சிய சல்பேட், கான்கிரீட் இறுகிய பிறகும் எட்ரிங்கைட்டை வளர்க்கும். அது விரிந்து விரிசல் விழும். சரி, சுரங்கத்தில் வெட்டிய ஜிப்சம்தான் வேண்டுமா? அவசியமில்லை. உரத் தொழிற்சாலைகளில் கழிவாகக் குவியும் பாஸ்போஜிப்சத்தைச் சுத்திகரித்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். மலைபோல் கிடப்பதைவிட அது சுவருக்குள் போவதே மேல்.