பனிக்குப் பயந்தால் தூரம் ஓட முடியுமா?

"பனி தலையில இறங்கிடும்ங்க. ஐம்பத்தஞ்சு வயசுல இதெல்லாம் தேவையா? துண்டையாவது காதுல கட்டிக்கிட்டுப் போங்க!"

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காலணி மாட்டும் நம்மவர்கள் பலர் வீட்டில் கேட்கும் முதல் குரல் இதுதான். கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா என எங்கே போனாலும் இந்தக் குரலுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்து லயங்களில் பிறந்து, பின்னர் தாமான்களில் குடியேறிய தலைமுறைக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. மருத்துவர் நடக்கச் சொன்னார், நடந்தார்கள். நடை மெதுவோட்டமானது. பிள்ளைகள் மாரத்தான் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தபோது, நாமும் ஓடிப் பார்த்தால் என்ன என்ற ஆசையும் பிறந்தது.

அந்த நேரத்தில்தான் மழைக்காலம் வருகிறது. அக்டோபரில் காலணி அலமாரிக்குள் போகிறது. தீபாவளிப் பலகாரம், ஆண்டிறுதி விடுமுறை, மழை, பனி என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. பொங்கல் முடிந்து பார்த்தால், பத்து மாதம் பாடுபட்டுச் சேர்த்த பலம் காணாமல் போயிருக்கிறது. மறுபடியும் முதலிலிருந்து!

இது வெறும் ஆசை நிறைவேறாத கதை மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். ஆகவே, ஆண்டுதோறும் மூன்று மாதம் உடற்பயிற்சியை நிறுத்துவது என்பது நம் சமூகத்திற்குச் சிறிய இழப்பு அல்ல.

அப்படியானால் பனியிலும் மழைக் குளிரிலும் ஓடலாமா, கூடாதா? இரு தரப்பு வாதத்தையும் பார்ப்போம்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. தோட்ட வாழ்க்கையில் காய்ச்சல் என்று படுத்தால் அன்றைய கூலி போயிற்று. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கையில் காசும் இல்லை. மழையையும் பனியையும் கண்டு அஞ்சக் கற்றுக்கொடுத்தது அந்த வாழ்க்கைதான். அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் சளியும் காய்ச்சலும் பனியால் வருவதில்லை. அவற்றைக் கொண்டுவருவது கிருமி. நம் வட்டாரத்தில் 'குளிர்' என்று சொல்லப்படும் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 பாகை செல்சியஸ்தான். மாரத்தான் ஓட்டத்திற்கு ஏற்ற வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகை என்று ஓட்ட முடிவுகளை ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், நாம் போர்த்திக்கொண்டு நடுங்கும் விடியலும் ஓடுகின்ற உடலுக்கு வெப்பமானதே!

அதோடு காற்றின் ஈரப்பதமும் சேர்கிறது. விடியலில் அது 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் வியர்வை காயாமல் வழிகிறது. உடல் சூடு இறங்குவதில்லை. எனவே தடித்த சட்டையும் காதைச் சுற்றிய துண்டுமாக ஓடுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். மெல்லிய, விரைவில் காயும் சட்டை போதும். ஓடி முடித்ததும் ஈர உடையோடு காற்றில் நின்று கதை பேசுவதுதான் நடுக்கத்தைத் தரும். துண்டும் மாற்றுச் சட்டையும் அப்போதுதான் தேவை.

பால்மரம் சொல்லும் பாடம்

விடியற்காலையின் அருமை நம் பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. பெரட்டுக்களத்தில் இருட்டோடு பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போனவர்கள் அவர்கள். ஏன் அவ்வளவு சீக்கிரம்? இரவில் மரம் நீரை நிரப்பிக்கொள்கிறது. பட்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது. குளிர்ந்த நேரத்தில் பால் தாராளமாக ஒழுகுகிறது. வெயில் ஏறினால் இலை வழியே நீர் வெளியேறி, அழுத்தம் குறைந்து, பாலும் குறைந்துவிடும்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டமும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தாலும் விடியலில் வேலைக்குப் புறப்படும் வழக்கம் போகவில்லை. பனியில் பல மைல் நடந்து உழைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பனி ஆகாது என்றால் அது பொருந்துமா?

உண்மைக் குளிரில் ஓடியவர்கள்

பனிக்கட்டி உறையும் நாடுகளில் முதியவர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தால் நமக்கும் பாடம் கிடைக்கும்.

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பௌஜா சிங், மனைவியையும் மகனையும் இழந்த துயரத்திலிருந்து மீள ஓட்டத்தைப் பற்றிக்கொண்டவர். 2000ஆம் ஆண்டில், 89 வயதில், முதல் முறையாக லண்டன் மாரத்தான் ஓடினார். அந்தப் போட்டி ஏப்ரலில் நடப்பது. அதற்கான பயிற்சி முழுவதும் குளிர்காலத்தில்தான் அமையும். 2011இல் டொரோண்டோ மாரத்தானை 100 வயதில் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் சாலை விபத்தில் அவர் காலமானார்.

கனடாவின் எட் விட்லாக் கதை இன்னும் பயனுள்ளது. 2003இல், 72 வயதில், 42.195 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்திற்குள் முடித்தார். எழுபதைக் கடந்தவர்களில் அதைச் செய்த முதல் மனிதர் அவரே. 2016இல், 85 வயதில், நான்கு மணி நேரத்திற்குள் முடித்தார். அவருடைய பயிற்சி மைதானம் எது தெரியுமா? வீட்டுக்கு அருகே இருந்த ஒரு கல்லறைத் தோட்டம்! அதன் பாதையிலேயே மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

இதில் நமக்குள்ள பாடம் எளிது. தொலைவு ஓடுவதற்குத் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளித் திடலையோ தாமான் பூங்காவையோ இருபது முறை சுற்றினாலும் தூரம் தூரம்தான். மழை கொட்டினால் இரண்டே நிமிடத்தில் ஒதுங்கலாம். உடம்புக்கு ஏதாவது ஆனால் உதவிக்கு ஆள் இருக்கும். செம்பனை லாரிகளும் நாய்களும் இல்லாத பாதையாகவும் அது இருக்கும்.

ஐம்பதுக்கு மேல் உடல் எப்படி?

வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது. தசை மெலிகிறது. இருபது வயதில் ஓர் இரவில் ஆறிய வலி, ஐம்பத்தைந்தில் இரண்டு மூன்று நாட்கள் எடுக்கும். இதை மறந்து பழைய பள்ளி விளையாட்டு வீரர் நினைப்பில் ஓடுபவர்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்.

தமிழ்நாட்டின் மா. சுப்பிரமணியன் இதற்கு நல்ல உதாரணம். 2004இல் சாலை விபத்தில் காலில் கடுமையாக அடிபட்டவர். இனிப்பு நீரும் உள்ளவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகே நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கினார். சென்னை மேயராக இருந்து, 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற அவர், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார். காலும் சர்க்கரையும் தடையாக இருந்தும் அவருக்குக் கைகொடுத்தது விடாத பழக்கம். பழக்கம் அறுந்தால் என்ன ஆகும்? இரண்டு மூன்று வாரம் முழுமையாக நிறுத்தினாலே மூச்சுத் திறன் இறங்கத் தொடங்குகிறது. வயதானவர்களுக்கு அதை மீட்க அதிக காலம் பிடிக்கிறது.

மழைக்காலத் திட்டம்

கோலாலம்பூர் மாரத்தான் 2023 முதல் 2025 வரை அக்டோபரில் நடந்தது. நவம்பரில் அடித்தளம் போடுபவருக்கு ஏறக்குறைய பதினோரு மாத அவகாசம் இருக்கிறது. மழைக்காலம் வேகத்திற்குரிய காலமல்ல, அடித்தளத்திற்குரிய காலம்.

முதலில் மருத்துவப் பரிசோதனை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இதயத் துடிப்புப் பதிவு ஆகியவற்றைப் பார்த்து, ஓடலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

முதல் நான்கு வாரம், வாரத்திற்கு நான்கு நாள். பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கியபின் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம். அளவுகோல் எளிது: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிச் சொல் உடைந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

அதன்பின் வாரந்தோறும் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக்கூடாது. நான்காவது வாரம் சற்றுக் குறைத்து ஓய்வு கொடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது போன்ற வலுப்பயிற்சி. இவை முட்டியைக் காக்கும் வேலி.

தூறலில் ஓடலாம். இடி கேட்டால் ஓடக்கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கும் சுற்றுவட்டாரமும் இடி மின்னல் மிகுந்த பகுதி. திறந்த திடலும் வயல்வரப்பும் ஆபத்து, மரத்தடியும் ஆபத்து. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வர வேண்டும். அன்றைக்குப் பயிற்சியே இல்லையா? வீட்டு முன்கூடத்தில் நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடைபோடலாம், படி ஏறி இறங்கலாம். இருபது நிமிடமானாலும் போதும், பழக்கம் அறுபடக்கூடாது.

இருட்டில் ஓடுபவர் ஒளி பிரதிபலிக்கும் மேலுடையும் கைவிளக்கும் வைத்திருக்க வேண்டும். தோட்டப் பாதையில் பாம்பும் பள்ளமும் உண்டு; தனியாகப் போகக்கூடாது. தேங்கிய வெள்ள நீரில் இறங்குவதும் தவறு. எலியின் சிறுநீர் கலந்த நீரால் கடுமையான காய்ச்சல் பரவுகிறது.

இனிப்பு நீர் உள்ளவர் கவனிக்க

மழைக்காலத்தில் இவர்களுக்குப் பெரிய எதிரி ஈரக் காலணி. நீண்ட நாள் சர்க்கரையால் பாத உணர்ச்சி மங்கியவருக்குக் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாது. அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் காலையே கேட்கும் நிலை வரலாம். ஓடி முடித்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் துடைத்து, கண்ணாலும் கையாலும் சோதிப்பது கட்டாயம். இரண்டு ஜோடி காலணிகளை மாற்றி மாற்றி அணிவது நல்லது.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு ஓட்டத்தின்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். சட்டைப் பையில் இனிப்பு இருக்கட்டும். மருந்தின் அளவை மருத்துவரைக் கேட்காமல் மாற்றக்கூடாது.

இன்னொன்று மிக முக்கியம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று 999ஐ அழைக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவருக்கு நெஞ்சு வலிக்காமலேயே மாரடைப்பு வரலாம். 'கொஞ்ச தூரம்தானே, முடித்துவிடலாம்' என்ற பிடிவாதம் உயிரை வாங்கிவிடும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஓட நினைப்பவர்கள் வேறு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உண்மைக் குளிரில் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்திற்குச் சுமை கூடுகிறது. வீட்டுக்குள்ளேயே உடலைச் சூடாக்கிவிட்டு வெளியே போக வேண்டும். மெல்லிய உடைகளை அடுக்காக அணிந்து, கையையும் காதையும் மூட வேண்டும். போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வந்தால், வியர்த்த உடல் விறைக்காது. தாகம் தெரியாவிட்டாலும் நீர் அருந்த வேண்டும். தரையில் பனிக்கட்டி இருந்தால் ஓடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். அங்கேதான் அம்மா சொன்ன துண்டு காதுக்குத் தேவைப்படும்!

இங்கே, நம் வட்டாரத்தில், ஐம்பதைத் தாண்டியவரை வீட்டில் உட்கார வைப்பது பனி அல்ல. 'மழை விடட்டும் பார்க்கலாம்' என்ற ஒரு வார்த்தை. அடுத்த முறை வீட்டில் அந்தக் குரல் கேட்டால் கோபப்பட வேண்டாம். அது அன்பின் குரல். அந்தக் குரலுக்கு உரியவரையும் ஒரு ஜோடி காலணி வாங்கிக் கொடுத்துத் திடலுக்கு அழைத்துப் போனால், பொங்கலுக்குள் இருவருமே சேர்ந்து பல சுற்று வரலாம்.