இந்த ஆண்டு யார் வருகிறார்கள்?

ஆடி பிறந்தால் நம் சங்கச் செயலாளருக்கு ஒரு வேலை உண்டு. பல்கலைக் கழகத்தில் புதிதாகச் சேர்ந்தோர் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு தமிழ்ப் பெயர்களின் கீழே கோடு இழுப்பார். சுற்றி நின்று நாமும் ஆராய்வோம். "இவர் நெய்வேலிக்காரராம், கைப்பந்து ஆடுவாரா?" "பெயரைப் பார்த்தால் உயரமானவர் போலத் தோன்றுகிறதே!" பெயரைக் கொண்டே உயரத்தை அளப்பதில் நாம் வல்லவர்கள். வந்து இறங்குபவர் ஐந்தடி உயரமும் கையில் வீணையுமாக நிற்பதும் உண்டு; அது வேறு கதை.

இதே பேச்சை ஒரு மாநிலமே ஆண்டு முழுவதும் பேசக் கேட்டிருக்கிறேன். 2023 இலையுதிர் காலம் முதல் 2025 கோடை வரை அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஆய்வு மாணவனாக இருந்தேன். அந்த மாநிலத்தில் குளிர் சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும். ஏரிகள் உறைந்து பாறையாகிவிடும். நம் ஊரில் பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட்டு ஆடுவதுபோல அங்கே பிள்ளைகள் உறைந்த ஏரியில் சறுக்கி ஹாக்கி ஆடுகிறார்கள். பள்ளிகளுக்கிடையே நடக்கும் மாநிலப் போட்டி 1945 முதல் நடந்து வருகிறது. மார்ச்சு மாதத்தில் அது நடக்கும் நாட்களில் ஆய்வகத்தில் வேலை நடப்பதாகப் பாவனைதான்.

பனிக்கட்டி ஹாக்கியைக் காணாத நண்பர்களுக்குச் சில சொற்கள். தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமுள்ள கெட்டி ரப்பர் வில்லை. ஒரு பக்கத்துக்கு அறுவர்: முன்னணியில் மூவர், காப்பில் இருவர், இலக்குக் காவலர் ஒருவர். இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். இவ்விளையாட்டின் சூட்சுமம் ஆள்மாற்றத்தில் இருக்கிறது. முழு வேகத்தில் சறுக்குபவரால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பதே அரிது. ஆதலால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூவர் அணி வேலியைத் தாண்டி வெளியேற, மற்றொரு மூவர் அணி உள்ளே குதிக்கும். இப்படி நான்கு முன்னணிகள், மூன்று காப்பு இரட்டைகள் வேண்டும். ஆக, ஒரு குழுவுக்கு இருபத்தைந்து இருபத்தாறு பேர். நான்கு ஆண்டுப் படிப்பு என்பதால் ஆண்டுதோறும் ஆறேழு இடங்கள் காலியாகும். அந்த ஆறேழு இடங்களைப் பற்றியதே நான் கேட்ட பேச்சு முழுவதும்.

எங்கள் துறையின் அடித்தளத்தில் உணவு உண்ணும் அறை ஒன்று உண்டு. அங்கே மூவர் நாள்தோறும் கூடுவர். ஒருவர், ஆய்வகத்துக் கண்ணாடிக் கருவிகளை ஊதிச் செய்யும் பட்டறைப் பெரியவர்; வடக்கே இரும்புச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர். மற்றவர் துறை அலுவலகத்துக் கணக்கர் அம்மையார். வரவு செலவு ஏட்டைவிட ஆட்டக்காரர் ஏட்டைத் துல்லியமாக வைத்திருப்பவர். மூன்றாமவர் கனடாவின் சஸ்காச்சுவானிலிருந்து வந்த ஆய்வு மாணவர். அவ்வூரில் எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே அழைப்பர். எனக்கு மட்டும் பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்க நா கடைசிவரை எழவில்லை.

முதல் வாரத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அடுத்த ஆண்டு வருகிறான்" என்று அவர்கள் சொன்ன பையன் பள்ளியை முடித்து ஓராண்டு ஆகியிருந்தது. அவன் எங்கே போனான், தேர்வில் தோற்றானா என்று கேட்டேன். மூவரும் சிரித்தார்கள். இவ்விளையாட்டில் மட்டும் பள்ளி முடித்தவுடன் கல்லூரிக்கு வருபவர் சிலரே. பெரும்பாலோர் இளையோர் லீக் எனப்படும் போட்டிகளில் ஓராண்டு, ஈராண்டு ஆடிவிட்டுப் பத்தொன்பது இருபது வயதில்தான் வருவார்கள். அக்குழுக்கள் அயோவா, நெபிராஸ்கா போன்ற மாநிலங்களின் நடுத்தர ஊர்களில் இருக்கின்றன. பையன்கள் அங்கே முன்பின் அறியாத குடும்பங்களின் வீட்டில் தங்கி, அவர்கள் இடும் சோற்றை உண்டு வளர்கிறார்கள். கல்லூரி கொடுத்திருப்பதோ வெறும் வாய்மொழி உறுதி. "உனக்கு இடம் உண்டு" என்று பயிற்சியாளர் சொல்வார். "வருகிறேன்" என்று பையன் சொல்வான். எழுத்தில் ஒன்றும் இல்லை. இருவரையும் அது கட்டாது. ஒரு காலத்தில் பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவர்களிடமே இவ்வுறுதியை வாங்கினார்கள். 2019-இல்தான், பதினோராம் வகுப்புக்கு முந்திய ஆகஸ்டு முதல் நாளுக்கு முன் இடம் தருவதாகச் சொல்லலாகாது என்று விதி வந்தது.

வருபவன் எப்படிப்பட்டவன் என்பதை எதைக்கொண்டு அறிவது? அம்மையார் புள்ளிக் கணக்கை எடுப்பார். தானே இலக்கடித்தால் ஒரு புள்ளி. பிறர் இலக்கடிக்க வில்லையைத் தள்ளிக் கொடுத்தாலும் ஒரு புள்ளி. "அறுபது ஆட்டத்தில் எழுபது புள்ளி!" என்பார். பெரியவர் ஒத்துக்கொள்ளமாட்டார். எந்த லீக்கில் எடுத்த புள்ளி? அப்போது அவனுக்கு வயது பதினேழா இருபதா? பக்கத்தில் ஆடிய இருவர் யார்? எந்தத் தராசில் நிறுத்தது என்று கேளாமல் எடையை நம்பலாகாது என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கமே. ஆராய்ச்சித் துறையில் இருந்துகொண்டு அளவுகோலைக் கேளாமல் அளவை நம்பினால் நம்மை என்னென்று சொல்வது?

பெரும்பெயர் பெற்ற பையன்களைச் சேர்த்துவிட்டால் வெற்றி நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. 2021-இல் தொழில்முறைக் குழுக்கள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஐந்து இடங்களில் நான்கு மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. அந்த நால்வரும் 2021-22 பருவத்தில் ஒரே குழுவில் ஆடினார்கள். அரையிறுதியில் டென்வரிடம் 3-2 என்று கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். மறு ஆண்டு, 2023 ஏப்ரலில், எங்கள் மினசோட்டாவே இறுதியாட்டத்தில் 2-0 என்று முன்னணியில் இருந்தது. எதிரே குவினிப்பியாக் என்னும் கல்லூரி; நான் அங்குப் போகும்வரை கேள்விப்பட்டிராத பெயர். அவர்கள் சமன் செய்து, கூடுதல் நேரம் தொடங்கிய பத்தாவது வினாடியில் இலக்கடித்து வென்றுவிட்டார்கள். அந்தப் பத்து வினாடியைப் பற்றிப் பேச்சு வரும்போது பெரியவர் தேநீர்க் குவளையைக் கழுவ எழுந்து போய்விடுவார். அந்த ஆண்டு எங்கள் குழுவின் புதியவர்களில் தலைசிறந்தவரான லோகன் கூலி ஒரே பருவம் ஆடிவிட்டுத் தொழில்முறைக் குழுவுக்குப் போய்விட்டார். புதியவரைப் பற்றிய கவலையில் பாதி, அவர் வருவாரா என்பது. மறுபாதி, வந்தால் எத்தனை நாள் இருப்பார் என்பது.

நிற்க. இவையெல்லாம் மேற்பரப்பு. இவர்கள் உண்மையில் எதைப்பற்றி வாதிடுகிறார்கள் என்பது எனக்கு ஓர் ஆண்டுக்குப் பின்பே புரிந்தது. இந்தக் குழு யாருடையது என்பதே கேள்வி.

மினசோட்டாக் குழு ஆடும் அரங்கத்துக்கு ஜான் மரியூச்சியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. எவலெத் என்ற சுரங்க ஊரில் பிறந்து, சிக்காகோவில் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கி, 1952-இல் பயிற்சியாளரானவர். அந்நாளில் மேற்குப் பகுதிக் கல்லூரிகள் பலவும் கனடாவிலிருந்து வயதில் மூத்த இளைஞர்களைக் கொண்டுவந்து வெற்றி கண்டன. அவற்றுள் முதன்மையானது டென்வர். மரியூச்சி இதை வன்மையாக எதிர்த்தார். ஊர்ப் பிள்ளைகளின் இடம் பறிபோகிறது என்பது அவர் வழக்கு. 1958-இல் இச்சண்டை முற்றி, லீக்கே உடைந்து, ஒரு பருவம் லீக் இல்லாமலே கழிந்தது. அவர் வழியில் வந்த ஹெர்பு புரூக்சு 1974, 1976, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் பெரும்பாலும் மாநிலத்துப் பிள்ளைகளைக் கொண்டே நாட்டுச் சாம்பியன் பட்டத்தை வென்றார். 1980 ஒலிம்பிக்கில் சோவியத்துக் குழுவை வீழ்த்திய அமெரிக்கக் குழுவுக்கும் அவரே பயிற்சியாளர். இருபதுபேரில் பன்னிருவர் மினசோட்டாக்காரர். இத்தனையும் சொல்லி முடித்தபின் பெரியவர் முகத்தைப் பார்க்கவேண்டும்! நம் ஊர்க் கோயில் தேரைப் பற்றிச் சொல்லும் கிழவரின் முகம்.

ஆயின் 1979-க்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் பட்டம் கிட்டவில்லை. 2002-இல் கிட்டியது. சொந்த மண்ணாகிய செயின்ட் பால் நகரில் இறுதியாட்டம். மெயின் பல்கலைக் கழகத்துக்கு எதிராக, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் எஞ்சியிருந்தபோது சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றார்கள். வெற்றி இலக்கை அடித்தவர் கிராண்டு பொட்டுல்னி. பல ஆண்டுகளுக்குப் பின் வெளி மாநிலத்திலிருந்து சேர்க்கப்பட்டவர் அவர்! வட டக்கோட்டாவின் கிராண்டு ஃபோர்க்சு நகரத்தார். "அவர் ஊருக்கும் நம் மாநிலத்துக்கும் நடுவில் ஓர் ஆறுதான் ஓடுகிறது" என்று பெரியவர் சமாதானம் சொல்வார். அம்மையார் விடமாட்டார். "சரி, 2003-இல்? அவ்வாண்டு இறுதிப் போட்டிகளின் சிறந்த ஆட்டக்காரர் தாமசு வானெக். ஆஸ்திரியாவுக்கும் நமக்கும் நடுவில் எந்த ஆறு ஓடுகிறது?" என்பார்.

2024 நவம்பர் 7-ஆம் நாள் இவ்வாதம் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. கனடாவின் பெரிய இளையோர் லீக்குகள் மூன்று உண்டு. அவற்றில் ஆடுவோர்க்கு மாதப்படி கொடுக்கப்படும். தொழில்முறை ஒப்பந்தம் பெற்றவர்களும் உடன் ஆடுவார்கள். ஆதலால் அங்கே ஆடியவரைத் தொழில்முறையாளர் என்று கருதி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பல்லாண்டுகளாகத் தள்ளிவைத்திருந்தது. பதினாறு வயதில் இரண்டு பயிற்சி ஆட்டங்கள் மட்டும் ஆடிய ஒரு பையனும் தகுதி இழந்தான்; அவன் பெயரால் 2024-இல் வழக்குத் தொடரப்பட்டது. நவம்பரில் சங்கம் விதியை மாற்றியது. 2025 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து அந்த ஆட்டக்காரர்களும் கல்லூரிகளில் ஆடலாம் என்றாயிற்று.

சஸ்காச்சுவான் நண்பர் அன்று மேசையைத் தட்டி மகிழ்ந்தார். அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் பதினாறு வயதில் அந்த லீக்கில் சேர்ந்தவராம். "ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டுப் படிப்புச் செலவை லீக் தரும் என்பது உண்மையே. ஆனால் பதினாறு வயதில் எடுத்த முடிவுக்காக ஒரு நாட்டின் கல்லூரிக் கதவுகள் முழுவதும் மூடிக்கொள்ளலாமா?" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பெரியவரும் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து, "இடங்கள் கூடவில்லையே" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதன் காரணம் வசந்தத்தில் தெரிந்தது. அவருடைய தங்கை மகன் பதினேழு வயதில் வேறொரு மாநிலத்துக் கல்லூரி ஒன்றுக்கு வாய்மொழி உறுதி கொடுத்திருந்தான். அயோவாவில் யாரோ ஒருவர் வீட்டு மாடியறையில் தங்கி ஈராண்டு ஆடினான். 2025 மார்ச்சில் பயிற்சியாளர் தொலைபேசியில் பேசினாராம்: கனடாவிலிருந்து சிலர் வருகிறார்கள், இன்னும் ஓராண்டு காத்திரு, அல்லது வேறிடம் பார். பையனுக்கு அப்போது இருபது முடிந்து இருபத்தொன்று நெருங்கிக்கொண்டிருந்தது. இளையோர் லீக்கில் காத்திருக்க வயது இல்லை. அழைப்பு நான்கு நிமிடம்கூட நீடிக்கவில்லை என்று பெரியவர் சொன்னார். அந்நாட்களில் இப்படி எத்தனையோ வீடுகளில் தொலைபேசி ஒலித்தது.

அம்மையாரின் ஏட்டில் அதுவரை வருபவர் பெயர்களே இருந்தன. அந்த மாதத்திலிருந்து பின்பக்கத்தில் மற்றொரு பட்டியலும் தொடங்கினார்: எந்தக் கல்லூரியிலும் யார் யார் இடம் இழந்தார்கள், பின்பு எங்கே போனார்கள் என்று. ஏன் என்று நான் கேட்டதற்கு, "கணக்கு என்றால் இரு பக்கமும் எழுதவேண்டும் அல்லவா?" என்றார்.

ஜூலையில் நான் புறப்படும் வாரத்தில் எங்கும் ஒரே பேச்சு. கனடாவின் யூக்கான் பகுதியில் பிறந்த கேவின் மெக்கென்னா, முந்திய பருவத்தில் 56 ஆட்டத்தில் 129 புள்ளி எடுத்தவர், பென் ஸ்டேட் பல்கலைக் கழகத்துக்கு வருவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அத்தகைய ஒருவர் கல்லூரி ஹாக்கிக்கு வருவதை ஓராண்டுக்கு முன் யாரும் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். சஸ்காச்சுவான் நண்பர் அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்றாவது முறை பெரியவரும் எட்டிப் பார்த்தார். "நன்றாகத்தான் சறுக்குகிறான்" என்று முணுமுணுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

தங்கை மகனுக்கு மினசோட்டாவிலேயே ஒரு சிறு கல்லூரியில் இடம் கிடைத்தது. மூன்றாம் பிரிவுக் கல்லூரி. விளையாட்டுக்கென்று அங்கே உதவித்தொகை கிடையாது. கட்டணத்தின் ஒரு பகுதியைப் பெரியவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆட்டங்கள் வெள்ளியும் சனியும் நடக்கும். பல்லாண்டுகளாக அவ்விரு இரவும் மரியூச்சி அரங்கத்தில் அதே இருக்கையில் அமர்ந்தவர், இப்போது சனிக்கிழமை மட்டுமே அங்குப் போகிறாராம். வெள்ளிக்கிழமைச் சீட்டைச் சஸ்காச்சுவான் நண்பருக்குக் கொடுத்துவிட்டார்.