வெங்காயத்தில் பச்சை எங்கே?

வெங்காயச் செதிலின் உட்புறத்திலிருந்து மெல்லிய தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் நீள்சதுரச் செல்கள் வரிசையாகத் தெரியும். செல்சுவரும் உட்கருவும் துலக்கமாக இருக்கும். பசுங்கணிகம் ஒன்றுகூட இருக்காது. அதே செடியின் தாளில் பசுங்கணிகங்கள் நிறைந்திருக்கின்றன. இரண்டு இடத்துச் செல்களிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தான்.

வளர்நுனியின் இளம் செல்களில் நிறமற்ற, மிகச்சிறிய முன்கணிகங்கள் உள்ளன. செல் எந்த உறுப்பில் அமைகிறது, வெளிச்சம் கிடைக்கிறதா என்பதைப் பொறுத்து இவை உருமாறுகின்றன. இலையில் பசுங்கணிகமாகின்றன, கிழங்கில் மாவுச்சத்தைச் சேர்க்கும் வெளிர்கணிகமாகின்றன. ஆகவே பச்சையற்ற செல்லிலும் கணிகம் உண்டு, அதன் வேலைதான் வேறு.

பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் ஒரு படிக்கு ஒளி கட்டாயம் தேவை. இருட்டில் முளைத்த பயறு வெளிறிக் கிடப்பதும், வெயிலில் வைத்த சில மணி நேரத்திலேயே பசுமை ஏறத் தொடங்குவதும் இதனால்தான். ஆனால் ஒளி மட்டுமே காரணமல்ல. தண்டிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் வேர் பச்சையாவதை அடக்கிவைக்கிறது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் செடியின் வேரைத் துண்டித்து வெளிச்சத்தில் வைத்தால் அதில் பச்சையம் கூடுகிறது.

இந்தக் கட்டுப்பாட்டில் மிகுந்த சிக்கனம் இருக்கிறது. பசுங்கணிகத்துக்கு ஏராளமான புரதங்கள் வேண்டும். இலையிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அதற்கே போகிறது. வெளிச்சம் எட்டாத வேரில் அவ்வளவு செலவிட்டும் ஒளிச்சேர்க்கை நடக்காது. வேர்நுனியின் மூடியில் உள்ள கணிகங்களுக்கு வேறு பணி: அவற்றின் மாவுமணிகள் கனத்தால் கீழே படிவதை வைத்தே வேர் புவியீர்ப்பின் திசையை உணர்கிறது.

இலையிலும் எல்லாச் செல்களும் பச்சையல்ல. பெரும்பாலான செடிகளில் புறத்தோல் செல்கள் ஏறக்குறைய நிறமற்றவை. ஒளி அவற்றை ஊடுருவி உள்திசுவை அடைகிறது. இலைத்துளையின் இருபுறக் காப்புச் செல்களில் மட்டும் பசுங்கணிகம் காணப்படும். நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் முதிர்ந்ததும் இறந்துவிடுவதால் அவற்றில் எந்தக் கணிகமும் மிஞ்சுவதில்லை.

உருமாற்றம் ஒருவழிப் பாதையும் அல்ல. தக்காளி பழுக்கும்போது பசுங்கணிகம் பச்சையத்தை இழந்து, லைகோபீன் நிறைந்த வண்ணக்கணிகமாகிறது. வெளிச்சத்தில் கிடக்கும் உருளைக்கிழங்கில் இதற்கு எதிர்த்திசை: தோலடியிலுள்ள மாவுக்கணிகங்கள் பசுங்கணிகங்களாகின்றன. அந்தப் பச்சையம் கெடுதலற்றது. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் என்ற நச்சும் பெருகுவதால், பச்சை படர்ந்த பகுதியை ஆழமாகச் சீவி எறிந்துவிட வேண்டும். கிழங்கு முழுவதும் பச்சையாகியிருந்தால் சமைக்கக் கூடாது.