பரண்மேல் ஒரு பட்டாளத்துத் துப்பாக்கி

அம்பத்தூரில் உற்பத்தியாகி நம் தெருக்களிலெல்லாம் ஓடிய பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயரிலுள்ள மூன்று எழுத்துக்களும் ‘பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்’ என்னும் ஆயுதக் கம்பெனியைக் குறிப்பவை என்பதையும், 1861-இல் பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கிக் கம்மியர் பலர் கூடி நிறுவிய அக்கம்பெனியின் பழைய முத்திரை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே என்பதையும், அந்தச் சைக்கிளில் ஏறி ஆலைக்குச் சென்றவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ, சொல்வதற்கில்லை. பூவிருந்தவல்லியிலோ பழைய காலத்திலேயே வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கான ராணுவ நிலையம் இருந்தது. ஆவடி இரண்டாம் உலக யுத்தத்தில் பெரிய ராணுவக் கிடங்காக விளங்கிப் பின்னர் டாங்கிகளும் பட்டாளத்து உடைகளும் செய்யும் ஊராயிற்று. ஆகையால் இவ்வட்டாரத்துப் பழைய வீட்டுப் பரணிலோ காயலான் கடையிலோ ஆளுயரத் துப்பாக்கி ஒன்று தலைகாட்டினால் அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியமெல்லாம் அதைப்பற்றி உடனே கிளம்பும் கதைகளில்தான் இருக்கிறது. கட்டபொம்மன் காலத்தது என்பார் ஒருவர். சிப்பாய்க் கலகத்தில் வெடித்தது என்பார் மற்றொருவர். பல லட்சம் பெறும் என்பதில் மாத்திரம் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இராது.

இக்கதைகளைப் பரிசோதிக்கத் துப்பாக்கியே போதும். ஆனால் அதைத் தொடுமுன் ஒரு ஜாக்கிரதை வேண்டும். வாய்வழியாக மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் பலவற்றில், யாரோ எப்போதோ இட்ட மருந்தும் குண்டும் இன்னும் உள்ளேயே கிடப்பதுண்டு. கருமருந்து வருஷக்கணக்கில் கிடந்தாலும் சக்தியை இழந்துவிடுவதில்லையாதலால், குழலின் வாய்க்கு நேரே நிற்காமலும் விசையைத் தொடாமலும் போலீஸ் நிலையத்துக்குச் சொல்லியனுப்புவதே விவேகம்.

கட்டபொம்மன் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். அக்காலத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் தூக்கியது ‘பிரௌன் பெஸ்’ வகையைச் சேர்ந்த சக்கிமுக்கித் துப்பாக்கி; 39 அங்குலக் குழலும், முக்கால் அங்குல அகலமுள்ள வாயும் கொண்டது. அதன் பக்கவாட்டிலுள்ள விசைத்தகட்டில், நான்காகப் பிரித்த இருதய வடிவமும் அதற்குள் கம்பெனியின் பெயர் எழுத்துக்களும் பொறித்திருந்தால், அது பாஞ்சாலங்குறிச்சிப் போர்க் காலத்தை எட்டக்கூடும். இருதயத்துக்குப் பதிலாக நின்ற கோலத்தில் ஒரு சிங்கம் இருந்தாலோ, அச்சிங்க முத்திரை சுமார் 1808-லிருந்துதான் வழங்கிற்று என்பதால், 1799-இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனுக்கும் அந்தத் தகட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று அப்போதே தீர்மானித்துவிடலாம்.

கலகத்துக் கதையின் பரிசோதனை இன்னும் சுவாரசியமானது. கொழுப்புத் தடவிய தோட்டாவினால் 1857-இல் பெருங்கலகத்துக்குக் காரணமான 1853-ஆம் வருஷத்து என்ஃபீல்டுக்கும் 39 அங்குலக் குழல்தான். ஆகவே நீளத்தைக் கொண்டு ஒன்றும் நிர்ணயிக்க முடியாது. ஆனால் அதில் சக்கிமுக்கிக் கல் இல்லை. சிறு செப்புக் கேப்பின்மேல் சுத்தியல் விழுந்து தீப்பிடிக்கும். குழலின் வாய் 0.577 அங்குலம், உள்ளே மூன்று முறுக்குப் பள்ளங்கள் ஓடி, குண்டைச் சுழற்றி நெடுந்தூரம் குறிதவறாமல் அனுப்பும். இனி, பார்வைக்கு அச்சாக என்ஃபீல்டைப்போலவே இருந்து, உட்புறம் பள்ளமேயின்றி வழவழப்பாகவும் வாய் 0.656 அங்குலமாகவும் இருக்கும் துப்பாக்கி அகப்பட்டால், யாரோ கள்ளத்தனமாகச் செய்ததென்று அதை ஒதுக்கிவிடலாகாது. கலகம் அடங்கியபின், இந்தியச் சிப்பாயின் கையில் குறிதப்பாத ஆயுதத்தைக் கொடுக்க அஞ்சிய அரசாங்கம், அவனுக்கென்றே விசேஷமாகச் செய்வித்த துப்பாக்கி அது. பிறகும் வெள்ளையனுக்கு மார்ட்டினி-ஹென்றி என்னும் புதிய துப்பாக்கி கிடைத்த பின்னரே இவனுக்குப் பழைய ஸ்னைடர் இறங்கி வந்தது. அரசாங்கத்தின் சந்தேகத்தை அறிவிக்க எத்தனையோ கடிதங்களும் அறிக்கைகளும் இருக்கலாம். ஆயினும் அந்த வழவழப்பான குழலைக் காட்டிலும் பிரத்தியட்சமான சாட்சியத்தை நான் அறியேன்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் அகப்படக்கூடியது இவற்றுக்கெல்லாம் இளையதான ‘த்ரீ நாட் த்ரீ’ (0.303) துப்பாக்கி. உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020-ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பில்தான் இதற்கு விடைகொடுத்தார்கள் என்றால் இதன் ஆயுளை ஊகித்துக்கொள்ளலாம். பின்கட்டையை ஒட்டிய இரும்பு வளையத்தில் கிரீடமும் அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துக்களும் இருந்தால், அது வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் சக்கரவர்த்தியின் பெயரால் செய்தது. அசோகச் சிங்கமும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துக்களும் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தியது. அதே தொழிற்சாலையில் அறுபதுகளில் செய்த ‘2ஏ1’ உருவத்தில் உடன்பிறந்தது போலிருப்பினும், 7.62 மில்லிமீட்டர்த் தோட்டாவுக்குரியது. காவற்காரர்களுக்கென்று முறுக்குப் பள்ளத்தை நீக்கி, ஒரு முறைக்கு ஒரு தோட்டாவே ஏற்கும்படி மாற்றிய 0.410 அங்குல வகையும் உண்டு. பழைய சந்தேகத்தின் வாரிசு என்று அதைச் சொல்லலாம்.

போலியும் இல்லாமலில்லை. கைபர்க் கணவாய்ப் பக்கத்துக் கம்மியர்கள் ஆங்கிலம் அறியாமலே முத்திரையைப் பார்த்துப் பொறித்ததால், எழுத்துக்கள் இடம்வலம் மாறிக் கிடப்பதும், 1901-இல் காலஞ்சென்ற விக்டோரியாவின் வி.ஆர். முத்திரைக்குக் கீழே அதற்குப் பிந்திய வருஷம் இருப்பதும் சகஜம்.

விலையைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் எண்களைப் பார்க்க வேண்டும். குழல், போல்ட், முன்மூக்கு, குறிப்பலகை ஆகியவற்றில் ஒரே எண் இருந்தால் மதிப்பு உயரும். வெவ்வேறு எண்களாயின் பல துப்பாக்கிகளின் உறுப்புக்களைக் கோத்தது என்று தெரிந்து தாழும். பின்கட்டையில் பதித்த பித்தளை வில்லையில் படைப்பிரிவின் பெயர் இருந்தால் அது பெரும் பாக்கியம். இவற்றையெல்லாம் அறியாமல், விற்குமுன் அழகுபடுத்துவதாக எண்ணி, புளியிட்டுத் துலக்கிய பித்தளைக் குடம்போல் தேய்த்துப் பளபளப்பாக்கி, மரத்துக்கு வார்னிஷும் பூசுகிறவர், முத்திரையோடு பாதி விலையையும் தேய்த்துவிடுகிறார். அருமை என்பதும் நிலையானதன்று: காட்மாண்டு அரண்மனையொன்றில் குவிந்துகிடந்த பல்லாயிரம் பழைய துப்பாக்கிகள் 2003-இல் அமெரிக்க வியாபாரிகளின் கைக்குச் சென்றபின், அதுவரை அருமையாயிருந்த சில வகைகள் அங்கே சாமானியர் வாங்கும் சரக்காயின.

ஆனால் அந்நிய நாட்டு ஏலத்தொகைகளைக் கண்டு இங்கே மனக்கணக்குப் போடுவது வீண். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரியாகவோ புராதன மதிப்புடையதாகவோ பழுதுற்றதாகவோ இருந்து, செப்பனிட்டாலும் சுடுவதற்கு உதவாத ஆயுதத்துக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. வயது ஒன்றே விலக்காகாது. ‘த்ரீ நாட் த்ரீ’யோ தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது கடந்த பொருளைத் தனிமனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பவும் இயலாது. பாட்டனார் வழியில் துப்பாக்கி வந்து சேர்ந்தவர், அவருடைய பழைய லைசென்ஸ் புத்தகம் இருந்தால் தேடியெடுத்து, வாரிசுச் சான்றுடன் ஆவடிப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தை அணுகுவதே முறை. தாம் கண்ட முத்திரை இன்னதென்று அறிய விரும்புவோர், கோட்டை அருங்காட்சியகத்திலும், தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் வந்து சேர்ந்த எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காயலான் கடைக்காரர்கள் எடைக்கு வாங்கி, காஸ் வைத்து அறுத்துப்போடுவதற்கு முன்பாக விசைத்தகட்டை ஒரு படமாவது எடுத்துக் காப்பாளர்களிடம் காட்டினால், அது உபகாரமாயிருக்கும்.