திரும்பி வரும் குருதி

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. இடையில் எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரை வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடுகின்றன. வாய்க்காலிலிருந்து மடைக்கும் மடையிலிருந்து வயலுக்கும் நீர் பிரிந்து செல்கிறது. வயலில் பாய்ந்த நீரை மண்ணும் பயிரும் உறிஞ்சிக்கொள்கின்றன. அடுத்த பாய்ச்சலுக்குப் புதுநீர் வரவேண்டும். இதைக் கண்டு வளர்ந்த ஒருவர், உடலில் குருதி பாய்வதையும் இவ்வாறே எண்ணிப் பார்ப்பது இயல்பு.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவரும் ஏறத்தாழ இவ்வாறே கருதினார். உணவிலிருந்து கல்லீரலில் குருதி உண்டாகிறது. உறுப்புகள் அதனை உறிஞ்சித் தீர்க்கின்றன என்பது அவர் கொள்கை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அக்கொள்கையே மருத்துவ உலகை ஆண்டது.

கணக்கு காட்டிய உண்மை

இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்கொள்கையை மறுத்தார். அவர் கைக்கொண்ட கருவிகளுள் எளியது கணக்கு. திருநெல்வேலியில் 1965ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியில் சேரும் மாணவரும், முதலாண்டு உடலியங்கியல் பாடத்தில் அக்கணக்கைச் சந்திக்கிறார்.

இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் குருதியைத் தமனிக்குள் உந்துகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்பு எனில் 5 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 300 லிட்டர். வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள மொத்தக் குருதியோ ஏறத்தாழ 5 லிட்டர்தான். மணிக்கு 300 லிட்டர் குருதியை எந்த உணவாலும் உண்டாக்க இயலாது. ஆகவே, சென்ற குருதியே திரும்பி வருகிறது. பாசன உவமை இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

கையே சான்று

மேற்கையைத் துணியால் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைத்துத் தோன்றும். ஒரு சிரையை மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அதிலுள்ள குருதியை முழங்கை நோக்கி வழித்துவிட்டால் அப்பகுதி வெறுமையாகும். மேலிருந்து குருதி இறங்குவதில்லை. சிரையினுள் இருக்கும் வால்வுகள் தடுத்துவிடுகின்றன. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து குருதி ஏறி நிரம்புகிறது. சிரைக்குருதி இதயத்தை நோக்கியே செல்லும் என்பதற்கு ஹார்வி காட்டிய சான்று இது.

தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வழியே செல்கிறது என்பதை மட்டும் ஹார்வியால் காண இயலவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661இல், இத்தாலியரான மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இரண்டையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டார். கணக்கு முன்னரே அறிவித்ததைக் கண் பின்னர் உறுதிசெய்தது.

தமிழில் கற்ற இதயம்

இவ்வறிவு தமிழுக்கும் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடலியங்கியலை விளக்கும் ‘மனுஷ சுகரணம்’ என்னும் தமிழ்நூல் அம்முயற்சியில் விளைந்ததே. மருத்துவம் அறிந்தவர் ஊர்மக்களோடு வாழவும் அவர்கள் மொழியில் பேசவும் வேண்டும் என்பது அவர் நோக்கம்.

அந்நோக்கத்தின் தேவை இன்றும் தீரவில்லை. உயர்ந்த குருதி அழுத்தம் பெரும்பாலும் வலியைத் தருவதில்லை. அதனால், உடல் நலமாக இருப்பதாக எண்ணிச் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். ஆனால், நாள்தோறும் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை துடிக்கும் இதயம், ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த அழுத்தத்தை எதிர்த்தே குருதியை உந்துகிறது. நாளடைவில் அதன் சுவர் தடித்துத் தளர்கிறது. இதனை நோயாளிக்கு விளங்கும் தமிழில் சொல்லத் தெரிந்தவரே, தாம் கற்ற பாடத்தை முழுமையாகக் கற்றவர் ஆவார்.