உயர்த்திய வண்டிக்கு ஏற்ற அதிர்வுத் தணிப்பான்

1955ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனை விட்டுப் புறப்பட்ட ‘ஆக்ஸ்ஃபோர்டு’, ‘கேம்பிரிட்ஜ்’ என்னும் இரு லேண்ட் ரோவர் வண்டிகள் 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ‘ஆக்ஸ்ஃபோர்டு’ 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, டிசம்பரில் மீண்டும் இலண்டனை அடைந்தது. அவ்வண்டிகளைத் தாங்கியவை பட்டை விற்கள். அடுக்கப்பட்ட எஃகுப் பட்டைகள் தம்முள் உராய்வதாலேயே ஆட்டம் ஓரளவு அடங்கும். இன்று சிங்கப்பூர்ச் சாலைகளில் காணும் சுசுகி ஜிம்னியிலோ சுருள்விற்களே உள்ளன. அவற்றில் அத்தகைய உராய்வு இல்லை. ஆதலின் ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு, பட்டறைகளில் ஷாக் அப்சார்பர் என வழங்கும் அதிர்வுத் தணிப்பானையே ஏறக்குறைய முழுவதும் சாரும்.

வார நாட்களில் விரைவுச்சாலையில் ஓடி, விடுமுறையில் கடற்பாலம் கடந்து ஜோகூர்ச் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதையில் இறங்கும் வண்டியை, அன்பர் சிலர் 5 செ.மீ. அளவுக்கு உயர்த்துகின்றனர். நீண்ட சுருள்வில்லை மாற்றிப் பழைய தணிப்பானையே விட்டுவிடுவதும் உண்டு. இங்குதான் தவறு நேர்கிறது.

சக்கரம் பள்ளத்தில் இறங்க முன்பு 10 செ.மீ. இடமிருந்தது எனக் கொள்வோம். வண்டியை உயர்த்தியதும் தணிப்பான் 5 செ.மீ. நீண்ட நிலையிலேயே நிற்கிறது. எஞ்சியது 5 செ.மீ. மட்டுமே. சிறு பள்ளத்திலும் அது முழு நீளத்திற்கு இழுபட்டு ‘டக்’கென்று ஒலிக்கும். நாளடைவில் அதன் மேல்முனைப் பிடிப்பு தளரும், எண்ணெய் கசியும். இதற்கு அஞ்சி மிக நீளமானதை வாங்கினால் வேறொரு கேடு. வண்டி மேட்டில் மோதி அழுந்தும்போது, ரப்பர்த் தடுப்பு தாங்குவதற்கு முன்பே தணிப்பான் முழுதும் மடங்கி, உள்ளே உலோகத்தோடு உலோகம் இடிக்கும்.

எனவே கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் அளவெடுத்தல் வேண்டும். வண்டியை உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்தி, அச்சு கீழிறங்கும் எல்லையில் ஒருமுறையும், ரப்பர்த் தடுப்பு நன்கு அழுந்திய நிலையில் ஒருமுறையும், தணிப்பானின் இரு பிடிப்புகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். புதியதன் விரிந்த நீளம் பிரேக் குழாயை இழுத்துவிடலாகாது. மடங்கிய நீளம் இரண்டாம் அளவினும் குறைவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ரப்பர்த் தடுப்பின் உயரத்தைக் கூட்டுதல் அவசியம்.

அடுத்தது கடினம். மிகக் கடினமானதே மிகச் சிறந்தது என்று நாமும் ஒருகாலத்தில் எண்ணி வாங்கினோம். வேகத்தடை ஒவ்வொன்றும் முதுகெலும்பிற்குச் செய்தி அனுப்பியது! விரியும்போது தணிப்பான் அளவுக்கு மீறித் தடுத்தால், அலையலையான மண் பாதையில் சக்கரம் ஒரு குழியிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். வண்டி படிப்படியாகத் தாழும், சக்கரம் பிடிப்பிழக்கும். மிகக் குறைவாகத் தடுத்தால் வண்டி ஓடம்போல் ஆடும். ஆகவே வில்லின் வலிமையையும், நாள்தோறும் ஏற்றும் சுமையையும் கூறியே தணிப்பானைக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை ஏற்றும் கூடாரத்தையும் தண்ணீர்க் கலன்களையும் கணக்கிட்டு வாங்குவது வீண்.

தணிப்பானில் இருவகை உண்டு. இரட்டைக் குழாய் வகையில் வெளிக்குழாய் கல்பட்டுச் சற்று நசுங்கினும் உள்ளே தண்டு இயங்கும். ஆனால் நெடுநேரம் குலுங்கினால் எண்ணெய் சூடேறி நுரைத்து வலுவிழக்கும். குறைந்த அழுத்த நைட்ரஜன் அடைத்தவற்றில் இக்குறை குறைவு. ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயும் உயர் அழுத்த நைட்ரஜனும் தனித்தனியே இருப்பதாலும், வெப்பம் நேரே வெளியேறுவதாலும் அதன் வலு நீடிக்கும். எனினும் குழாய் நசுங்கினால் அத்துடன் தீர்ந்தது, விலையும் கூடுதல். வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு நைட்ரஜன் அடைத்த இரட்டைக் குழாயே போதும் என்பது நம் கருத்து.

தேக்காவை அடுத்த ஜாலான் புசார் நெடுங்காலமாக இரும்புச் சாமான்களுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் பெயர் பெற்ற வட்டாரம். காக்கி புக்கிட், சின் மிங் ஆகிய இடங்களில் பட்டறைகள் பல. எங்கு வாங்கினும், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் அம்மாற்றத்திற்கு இடந்தருகின்றனவா என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். சிங்கப்பூரில் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரையிலான கார்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. கழற்றிய பழைய தணிப்பான்களை எறிந்துவிடாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருங்கள். பரிசோதனையில் ஆட்சேபம் எழுந்தால், பழைய விற்களோடு அவற்றையும் மீண்டும் பூட்ட வேண்டியிருக்கும்.